மரநாய்க் குட்டிகளுக்குத் தலைக்கு ஊற்றினேன்

இப்போதெல்லாம் நான் குழந்தைகளுக்குத் தலைக்கு ஊற்றுவதில்லை. யாராவது கேட்டால் இடுப்பு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். சுத்தப் பொய். என் இடுப்புக்கு ஒரு கேடும் இல்லை.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடியில் பதினாறு வீடுகள். பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இளசுகள். மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து கடன் போட்டு வீடு வாங்கியவர்கள். பிரசவம் முடிந்து தாய் வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பி வந்ததும் அந்தப் பெண்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பச்சைப்பிள்ளையைக் குளியலறைக்குத் தூக்கிப் போகவே நடுங்குவார்கள். அப்போது கூப்பிடுவது என்னைத்தான். மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, பிள்ளையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் ஊறிய உடம்பில் பயத்தமாவு தேய்த்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீரை வாரி வாரி ஊற்றுவேன். மூக்கை நீவி, மண்டையை உருட்டி, ஈரம் போகத் துடைத்து, சாம்பிராணிப் புகையில் காட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் ஒரு மைப்பொட்டும் வைத்துப் பெற்றவள் கையில் கொடுத்தால் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். ஏழு பிள்ளைகள் என் காலில் கிடந்து வளர்ந்திருக்கின்றன. அதில் எனக்கு ரொம்பவே கர்வம் இருந்தது.

நான் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். கண்ணாடிக் குடுவையில் ஒரு விரல் ரேகை தெரிந்தாலும் மாணவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். வீட்டிலும் அப்படித்தான். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் காலைக் கழுவச் சொல்வேன் என்று விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் கேலி செய்வாள். அழுக்கு எனக்கு ஆகாது. அது என் சுபாவம், அதை யாராலும் மாற்ற முடியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

எங்கள் வீடுதான் கடைசி மாடி. படுக்கையறையில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறோம். போன வருஷம் அதற்கு மேலே ஏதோ நடமாட ஆரம்பித்தது. பொழுது சாய்ந்ததும் தடதடவென்று ஓடும். எலி என்றேன். எலி இவ்வளவு கனமாக ஓடாது, பூனை என்றார் வீட்டுக்காரர். மொட்டை மாடிப் படியில் கொட்டையும் தோலுமாகக் கழிவு கிடந்தது. கூடவே பாஸ்மதி அரிசி வேகிற மாதிரி ஒரு வாசனை. எதிர் வீட்டில்தான் நேரங்கெட்ட நேரத்தில் பிரியாணி செய்கிறார்கள் என்று ஒரு மாதம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பூந்தமல்லியிலிருந்து பாயை வரச் சொன்னேன். எங்களுக்கு சீலிங் போட்டுக் கொடுத்த தச்சர் அவர். ஐம்பது வயசு இருக்கும். வேலையில் சுத்தம், அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தவர், குளியலறைப் பரணுக்கு மேலே பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்த ஓட்டை வழியாகத்தான் போக்குவரத்து என்றார். சீலிங்கைக் கம்பால் நாலு தட்டுத் தட்டினார். பூனையை விட நீளமாக, கறுப்பாக, முகத்தில் கோடு போட்ட ஒரு பிராணி ஓட்டையிலிருந்து பாய்ந்து, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பக்கத்து மனையிலிருக்கும் வாதாம் மரத்துக்குள் மறைந்தது. மரநாய், அந்த அரிசி வாசனையும் இதனுடையதுதான் என்றார் பாய். போய்த் தொலைந்தது என்று நான் கையைத் தட்டினேன். உள்ளே இன்னும் ஏதாவது இருக்குமோ, சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்துவிடவா என்று அவர் கேட்டார். பலகையைக் கழற்றினால் படுக்கையெல்லாம் தூசி கொட்டும், அன்றைக்குத்தான் வெள்ளை விரிப்பு மாற்றியிருந்தேன். வேண்டாம், மூடிவிடுங்கள் என்றேன். கம்பி வலை வைத்து சிமெண்டு பூசி மூடிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மேலே கீச்கீச்சென்று மெல்லிய சத்தம். புறாக்குஞ்சு என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சத்தம் நிற்கவில்லை, ஆனால் குறைந்திருந்தது. குறைகிறது, நல்லது, தானாக நின்றுவிடும் என்று நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

பதினொரு மணிக்கு முதல் மாடிப் பெண் தன் நாலு மாதக் குழந்தையைத் தலைக்கு ஊற்றத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையை என் காலில் போட்டுவிட்டு அருகில் நின்றவள் சட்டென்று மேலே பார்த்தாள்.

"ஆன்ட்டி, மேல யாரோ குழந்தை மாதிரி பசிச்சு அழுவுது."

சொல்லும்போதே அவள் நைட்டியின் மார்பு நனைந்துவிட்டது. அவள் குழந்தையோ என் காலில் சிரித்துக்கொண்டு கிடந்தது. பசியில் அழுகிற ஒரு பிள்ளையின் குரல் அவள் உடம்புக்குத் தெரிந்தது. ஒரு நாள் முழுக்க அதன் கீழேயே படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லை.

பாய்க்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் அரை மணி நேரத்தில் வந்தார். சீலிங்கை அறுத்துக் கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். மூன்று குட்டிகள். கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையளவு. கறுப்பு முடி முழுக்க மூத்திரமும் தூசியும் எறும்புமாக அப்பியிருந்தது. மூன்றாவது குட்டி விறைத்துப்போயிருந்தது. பாய் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாம்மா பூசினேன். இந்தக் கையாலதாம்மா பூசினேன்."

அவரை நான் தேற்றவில்லை.

முதல் மாடிப் பெண்தான் காட்டு உயிர்களை மீட்கிறவர்களின் எண்ணைத் தேடிக் கொடுத்தாள். எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். தாய் கட்டாயம் தேடி வரும். குட்டிகளை வெதுவெதுப்பான துணியில் வைத்து, பொழுது சாயும்போது மாடியில் ஒரு கூடையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஒன்றொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். வேறெதுவும் செய்ய வேண்டாம். மூன்று நாள் பாருங்கள், வரவில்லை என்றால் புதன்கிழமை மத்தியானம் நாங்கள் வண்டியோடு வருகிறோம்.

வேறெதுவும் என்று அவள் சொன்னதில் குளிப்பாட்டுவது சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை ஒரு செயலாகவே நான் நினைத்ததில்லை. பிள்ளை என்றால் குளிப்பாட்ட வேண்டும், அவ்வளவுதான். வெந்நீர் வைத்தேன். அந்தம்மா ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதானே சொன்னது என்று பாய் இழுத்தார். ஒரு பிள்ளையைப் பெற்றவள் கையில் கொடுக்கும்போது இந்தக் கோலத்திலா கொடுப்பது என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

மணையில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். இரண்டு குட்டிகளையும் காலில் குப்புறப் போட்டு, குழந்தை சோப்பு போட்டு, எறும்பையெல்லாம் விரலால் எடுத்து, ஒரு கை தண்ணீர், இன்னொரு கை தண்ணீர் என்று ஊற்றினேன். அவை என் முழங்காலை நகத்தால் பற்றிக்கொண்டன. அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் முழுக்கச் செய்த பாவத்தைக் கழுவிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். பிறகு துண்டால் துடைத்து, சாம்பிராணி போட்டு, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணி விரித்து இரண்டையும் புகையில் காட்டினேன். பவுடர் கொட்டினேன். சின்னதற்குத் தும்மல் வந்தது. பெரியதன் நெற்றியில் மைகூட வைத்தேன். கறுப்பு முடியில் கறுப்பு மை எங்கே தெரியும்? இருந்தாலும் வைத்தேன்.

பொழுது சாய்ந்தது. கூடையை மொட்டை மாடியில் குழாய் ஏறும் கைப்பிடிச் சுவரருகில் வைத்தோம். செத்த குட்டியைப் பாய் ஒரு சிமெண்டு சாக்கில் சுற்றி அதே சுவரின் இன்னொரு மூலையில் வைத்திருந்தார். தொழுதுவிட்டு வந்து பக்கத்து மனையில் புதைக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் மாடிப்படி அறையின் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

அவள் வந்தாள். இன்னும் வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. வாதாம் மரத்திலிருந்து கேபிள் வயரில் நடந்து வந்து கைப்பிடிச் சுவரில் குதித்தாள். மடி தொங்கிக்கொண்டிருந்தது. கூடைக்குள்ளிருந்து இரண்டும் கத்தின. ஓடி வந்தாள். தலையை உள்ளே விட்டாள். உடனே வெளியே இழுத்து, தும்மி, மூக்கைத் தரையில் தேய்த்தாள். சுற்றி வந்தாள். மறுபடி தலையை விட்டாள். மறுபடி தும்மினாள். குரல் அவள் குட்டிகளுடையது, வாசனை யாருடையதோ. நாலைந்து தடவை அப்படிச் செய்தாள். எடுத்துக்கொள், எடுத்துக்கொள் தாயி என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் தலையைத் தூக்கி மோந்தாள். நேராக மூலைக்குப் போனாள். சாக்கைக் காலால் பிறாண்டிப் பிரித்தாள். செத்துப்போன குட்டியைத் தலையிலிருந்து வால் வரை நக்கினாள். அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டு சுவரில் ஏறினாள். உயிரோடு இருக்கும் இரண்டும் கூடைக்குள் கிடந்து கத்தக் கத்த, திரும்பிப் பார்க்காமல் கேபிள் வயரில் நடந்து மரத்துக்குள் போய்விட்டாள்.

பாய் வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். சாக்கு பிரிந்து கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் கூடைக்குள் குனிந்து மோந்து பார்த்தார்.

"அது ஒண்ணுதாம்மா அவ வாசனையில கீது," என்றார்.

திங்கட்கிழமை விடிந்தபோது சின்னது செத்திருந்தது. துணி, துணிக்கு அடியில் வெந்நீர்ப் புட்டி, மேலே விளக்கு என்று எல்லாம் வைத்திருந்தேன். அவ்வளவு சின்ன உடம்பில் ஒருமுறை ஏறிய குளிரை அதெல்லாம் இறக்கவில்லை. கல்லூரிக்கு விடுப்பு சொன்னேன். அத்தை தவறிவிட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது. மரநாய்க் குட்டி என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அன்று சாயங்காலம் பாய்க்கு ஒரு யோசனை வந்தது. சீலிங்குக்கு மேலே அது கூடு மாதிரி சேர்த்து வைத்திருந்த பழந்துணி, சருகு எல்லாவற்றிலும் தாயின் வாசனை இருக்கும். அதை எடுத்துக் குட்டியின் மேல் தேய்த்தால் அவளுக்கு அடையாளம் தெரியும் இல்லையா? நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பழந்துணியையெல்லாம் காலையில் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். சீலிங்கின் மேலே பினாயில் ஊற்றி இரண்டு முறை துடைத்தும் விட்டேன். ஒரு குட்டி செத்துக் கிடக்கும்போது அந்த வேலையைச் செய்திருக்கிறேன், பாருங்கள். மனசு கலங்கினால் எனக்குத் துடைக்கத்தான் தெரியும். பாயிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

திங்கள் சாயங்காலம் அவள் கைப்பிடிச் சுவர் வரை வந்தாள். குட்டி கத்தியது. அவள் பதிலுக்குக் குரல் கொடுத்தாள். கிட்டே வரவில்லை. சுவரின் மேலேயே நடந்து நடந்து பார்த்துவிட்டு இருட்டும்போது போய்விட்டாள். என்னை ஒரு செருப்பால் அடித்துவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.

மிஞ்சியது பெரியது ஒன்று. அதையாவது காப்பாற்ற வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. புதன்கிழமை மத்தியானம் வரை உயிரோடு வைத்திருந்தால் தெரிந்தவர்கள் கையில் போய்விடும். அதுவரை பசும்பாலைப் பஞ்சில் தொட்டு அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். போனில் பேசிய பெண் பசும்பால் கூடாது, மருத்துவரிடம் காட்டிப் பூனைக்குட்டிக்கான பால்பொடியை வாங்குங்கள் என்றாள். செவ்வாய்க்கிழமை காலையில் பாயும் நானும் குட்டியை என் சேலை மடிப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வானகரம் போனோம். அங்கே ஒரு கால்நடை மருத்துவர், சின்ன வயசுப் பையன்தான், பொறுமையாகப் பார்த்தார். காதில் மாட்டிய கருவியைக் குட்டியின் நெஞ்சில் வெகுநேரம் வைத்திருந்தார். நெஞ்சு கரகரக்கிறது என்றார்.

"மூச்சுல ஏதாவது போச்சா? புகை, பவுடர் மாதிரி? குளிப்பாட்டினீங்களா?"

"இல்லை," என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல், எனக்குத் தெரியவில்லை. ஏழு பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றியவள், அந்தப் பையன் முன்னால் தலைகுனிய முடியவில்லை. பாய் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மருத்துவர் பால் மூக்கில் ஏறியிருக்கலாம் என்று நினைத்து அதற்குத் தகுந்த மருந்தை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது மதுரவாயல் பக்கம் வண்டி நெரிசலில் நின்றது. பாய் மெதுவாகச் சொன்னார்.

"சொல்லிர்லாம்மா. இப்பவே திரும்பிப் போயி சொல்லிர்லாம். டாக்டரு ஒண்ணும் திட்ட மாட்டாரு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஓட்டையை மூடுனது யாரு?" என்று கேட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டேன்.

பாய் உள்ளே பார்க்க வேண்டும் என்று சொன்னதும், வெள்ளை விரிப்பு அழுக்காகும் என்று நான் தடுத்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. "ஆமாம்மா, நான்தான்," என்று மட்டும் சொன்னார். ஆட்டோ மருத்துவரிடம் திரும்பவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் குட்டி பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வரவில்லை. வாதாம் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. பால்பொடியைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக வைத்தேன். நாலு சொட்டு குடிக்கும், பிறகு இருமும். இருமி முடித்ததும் முன்னங்காலால் என் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதன் ஒரு கண் லேசாகத் திறக்க ஆரம்பித்திருந்தது. அந்தக் கண்ணால் அது இந்த உலகத்தில் முதலில் பார்த்தது என் மூஞ்சியைத்தான் என்றால் அதை விடக் கொடுமை வேறு இல்லை.

புதன்கிழமை காலையில் பாய் சீலிங்கைச் சரிசெய்ய வந்தார். நான் அப்படிக் கேட்ட பிறகும் வந்தார். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. பத்து மணி சுமாருக்கு ஒரு தடவை நீளமாகக் கத்தியது. தாயைக் கூப்பிட்ட அதே குரல். பிறகு விரலைப் பிடித்திருந்த கால் தளர்ந்துவிட்டது. போனில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வண்டி வர வேண்டாம் என்று சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை. அழாதீங்கம்மா என்றாள். அவள் சொன்ன பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

பக்கத்து மனைக்குப் போனோம். திங்கட்கிழமை சின்னதைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பாய் குழி வெட்டினார். குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சோப்பு வாசனை எப்போதோ போயிருந்தது. வாயைச் சுற்றிப் பால் காய்ந்து திப்பித் திப்பியாக ஒட்டியிருந்தது. வாலுக்குக் கீழே ஈரமாக நாறியது. என் கை தானாகச் சேலைத் தலைப்பை எடுத்தது. எச்சிலில் நனைத்து அதன் வாயைத் துடைக்கப் போனேன்.

பாய் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"வோணாம்மா. அப்டியே குடுங்க."

தலைப்பை விட்டுவிட்டேன். அவர் இரண்டு கையையும் நீட்டினார். அழுக்கோடு கொடுத்தேன்.